அறுபத்து நான்கு அங்குல வண்டி

வண்டி வாங்குவது என்று முடிவான அன்று நான் செய்த முதல் காரியம், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியது. என் மனைவி நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. இருபத்தாறு வருஷமாக அந்த அர்த்தத்தைத் தவறாமல் தப்பாகவே புரிந்துகொண்டு வருகிறேன். அன்றைக்கும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் தையல்காரன். கடைவீதியில் மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவில் என் கடை. இரண்டு மெஷினும் ஒரு வெட்டுமேஜையும் போட்டது போக, ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்க இடம் இருக்கும். சட்டையும் தைப்பேன், ஆனால் காலர் விஷயத்தில் என்மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. பேண்ட் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். "உங்ககிட்ட தைச்சாத்தான் உடம்பு இளைச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். என் கைராசி என்று நினைத்துக்கொள்வேன். கடையில் ஒரே ஒரு சட்டம். உடம்பை எந்த டேப்பில் அளக்கிறோமோ, துணியையும் அதே டேப்பில்தான் அளக்க வேண்டும். ஆகவே கடைக்கு ஒரே டேப். கடை திறந்த நாள்முதல் என் கழுத்திலேயே தொங்குகிற மஞ்சள் டேப். இன்னொரு டேப்பை நான் வாசல்படி ஏற விட்டதில்லை.

நிலம் மனைவியுடையது. தபால் ஆபீசில் இருபது வருஷம் கடிதம் பிரித்துவிட்டு, வேலையை விட்டபோது கைக்கு வந்த பணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏறிப்போகும் சரிவை வாங்கினாள். நாலு ஏக்கர் கல்லும் முள்ளும். "இதுல என்ன விளையும்?" என்று கேட்டேன். "நீங்க கேள்வி கேட்காம இருந்தா எலுமிச்சை விளையும்" என்றாள். நான் கேள்வி கேட்பதை நிறுத்தினேன், அவள் இருநூற்றுப் பத்துக் கன்று நட்டாள். முதல் மூன்று வருஷம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் தண்ணீர்க் கேனை ஏற்றி, ஒவ்வொரு கன்றுக்கும் அவளே மேலே கொண்டுபோய் ஊற்றினாள். என் பங்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தள்ளுவண்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டேன்.

இந்த வருஷம்தான் மரங்கள் முழுசாகக் காய்க்கத் தொடங்கின. இந்த வருஷம்தான் அவளுடைய இடது முழங்காலும் பழுதானது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சமதளத்தில் நடக்கலாம். மேடு ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தவள், காப்பி குடித்து முடித்த பிறகு சொன்னாள்.

"அறுவடைக்கு நாலு மாசம் இருக்கு. அதுக்குள்ள நான் மேல போய் வர ஒரு வழி வேணும். இல்லேன்னா குதிரைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுடலாம்."

குதிரைக்காரர் என்பவர் பக்கத்து நிலத்துக்காரர். சவாரிக் குதிரைகள் வைத்து வாடகைக்கு விடுகிறார். மேய்ச்சலுக்கு இடம் போதவில்லை என்று ஒரு வருஷமாக எங்கள் சரிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். மரங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, ஒளிவுமறைவில்லாமல், "குதிரை எலுமிச்சை திங்காதுங்களே" என்றவர்.

பழைய குக்கரைக் கொடுத்துவிடலாம் என்பதுபோல அவள் சொன்னாள். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தேன், சாப்பாட்டு மேஜையில் அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலி இடம் மாறி, சமையலறை ஜன்னலோரம் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் மேல்தோட்டத்தின் முதல் நாலு வரிசை தெரியும்.

என்ன வண்டி வாங்குவது என்று சொன்னவன் என் மச்சான், அவளுடைய தம்பி. அவன் லிப்ட் மெக்கானிக். பிழைப்பு முழுக்க மேலும் கீழுமாகவே போய் வருகிறவன், பக்கவாட்டில் வேகமாகப் போக ஆசைப்படுவதில் தப்பில்லை.

"யூடிவின்னு ஒண்ணு இருக்கு மாமா. காரும் டிராக்டரும் காதலிச்சு ஓடிப்போய் பெத்த பிள்ளை மாதிரி. தடியா நாலு டயர், முன்னால ரெண்டு சீட்டு, தலைக்கு மேல கம்பிக்கூடு, பின்னால சாமான் தொட்டி. லீவரை இழுத்தா தொட்டி தானாக் கவிழும். கல்லு, மேடு, சேறு எல்லாம் ஏறும். தோட்ட வேலையும் பாக்கலாம், ஞாயித்துக்கிழமை ஆத்துப்பக்கம் ஜாலியா ஒரு ரவுண்டும் போகலாம்."

"யாரு போறது?"

"நான்தான். வண்டி ஓடாம நின்னா பேட்டரி கெட்டுடும் மாமா."

அப்படித்தான் நோட்டும் நானும் மச்சானும் ஷோரூமுக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற பெண் பொறுமைசாலி. முதல் வண்டியின் எஞ்ஜினைத் திறந்து காட்ட வந்தாள்.

"இருங்கம்மா" என்றேன். "இந்த சீட்டுக்குத் தையல் போட்டது யாரு?"

"கம்பெனியிலதான் சார்."

"ஓரத்துல ஒத்தைத் தையல் ஓட்டியிருக்கான். ரெண்டு வருஷத்துல பிரிஞ்சிடும்."

"அதுக்கு வாரண்டி இருக்கு சார்."

"வாரண்டி எதுக்கும்மா, ரெட்டைத் தையல் போட்டா போதுமே."

மச்சான் மெதுவாக நகர்ந்துபோய், வேறு யாருடனோ வந்தவன்போல ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலை என் நோட்டில் மூன்று பக்கம் நிரம்பியிருந்தது. சீட் தையல், ரெக்சின் தடிமன், பெல்ட் மடிப்பு, கூரைத் துணியின் ஓரம். எஞ்ஜினைப் பற்றி ஒரு வரி இருந்தது. 'சத்தம் பரவாயில்லை.'

அடுத்த தடவை மனைவியும் வந்தாள். அவள் கேட்டது நாலே கேள்வி. தொட்டி எத்தனை கிலோ தாங்கும், எவ்வளவு சரிவில் ஏறும், இறக்கத்தில் தானாக வேகம் பிடிக்காமல் இருக்குமா, இடது காலுக்கு ஏதாவது வேலை உண்டா. கிளட்ச் கிடையாது, இடது கால் சும்மா இருக்கலாம் என்றதும் அவள் முகம் தெளிந்தது. ஓட்டப்போவது அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை என் கற்பனையில் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அவள் பின்னால் கூடைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் மூன்று வண்டி தேறின. ஒன்று மச்சானுடையது, அதாவது அவன் மனசால் வாங்கிவிட்டது. சிவப்பு, உயரமான ஸ்பிரிங், நாலு சீட்டு, தொட்டி மட்டும் சோப்புப் பெட்டி அளவு. "எலுமிச்சையை மடியில வெச்சுக்கலாம்" என்றான். அக்கா பார்த்த பார்வையில் அது போட்டியிலிருந்து விலகியது. இரண்டாவது ஒல்லி வண்டி, அகலம் ஐம்பது அங்குலம். மூன்றாவது வேலை வண்டி. பச்சை, பெரிய தொட்டி, பார்க்க அழகில்லை, எருமை மாதிரி உறுதியாக நின்றது. மனைவி ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "இது" என்றாள்.

விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். நான் நுழைந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து மேல்தோட்டத்துக்கு ஒரே பாதை. அது பம்ப்செட் அறைக்கும் ஒரு பெரிய பாறைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாகப் போகிறது. அறையை இடிக்க முடியாது, கீழே கிணறு. பாறைக்கு வெடி வைத்தால் கிணற்றுச் சுவர் பிளக்கும் என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். அதனால் வண்டி அந்த இடுக்கில் நுழையுமா என்பதுதான் கேள்வி. பச்சை வண்டியின் அகலம் கேட்லாக்கில் போட்டிருந்தது, அறுபத்து நான்கு அங்குலம்.

இடுக்கருகே வந்து நின்றதும் மச்சான் இடுப்பிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தான். "இழுத்துப் பாத்துடவா மாமா?"

"வை உள்ள" என்றேன். "டேப்பு பிடிக்கிறது என் தொழிலு மாப்ள. நீ ஸ்குரூ முடுக்கு."

அவன் டேப்பை உள்ளே விட்டுக்கொண்டான். நான் கழுத்திலிருந்து மஞ்சள் டேப்பை உருவினேன். பாறையின் மூக்கிலிருந்து சுவர் வரை பிடித்தேன். டேப் அறுபதில் முடிந்தது, மிச்சத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டு மறுபடி பிடித்தேன். மொத்தம் அறுபத்து மூன்று. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அறுபத்து மூன்று. என் கை அப்படி.

"ஒரு அங்குலம் இடிக்குது" என்று வீட்டில் தீர்ப்புச் சொன்னேன். ஒரு அங்குலத்தில் என்ன போகப்போகிறது என்று மச்சான் கேட்டதற்கு, பேண்ட்டில் ஒரு அங்குலம் குறைந்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே விளக்கினேன்.

ஒல்லி வண்டியை ஓட்டிப் பார்த்தோம். ஷோரூமுக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு மண்மேடு கொட்டி வைத்திருந்தார்கள். மனைவி ஓட்ட, நான் பக்கத்தில். மேட்டில் சாய்வாகத் திரும்பும்போது என் பக்கத்துச் சக்கரம் மேலே எழுந்ததுபோல இருந்தது. எழுந்தது நானாகவும் இருக்கலாம். மேட்டிலிருந்து இறங்கிய பிறகு அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க ஒரு நிமிஷம் ஆனது.

"இதுல எலுமிச்சை போகும்" என்றாள். "நான் போக மாட்டேன்."

ஐம்பதுக்கும் அறுபத்து மூன்றுக்கும் நடுவில் ஒரு வண்டியைத் தேடி மூன்று மாசம் அலைந்தேன். ஒரு ஊரில் அறுபது அங்குலத்தில் ஒன்று இருந்தது, அதன் உதிரிபாகம் கிடைக்காது என்று விற்கிறவரே காதோடு சொன்னார். இன்னொரு ஊரில் சரியான அகலத்தில் ஒரு பழைய வண்டி, உள்ளே கோழி குடியிருந்தது. நோட்டு தீர்ந்து இன்னொன்று வாங்கினேன். கடையில் பேண்ட்கள் காத்திருந்தன. ஜன்னலோரம் அவளும் காத்திருந்தாள். காய்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. கூலிக்கு வந்த ஆள், அடிக் கிளைகளைக் கவாத்து பண்ணாமல் விட்டதால் காய் தரையைத் தொடுகிறது என்று வந்து சொன்னபோது, அவள் எந்த வரிசை என்று கேட்டாள். அவன் கையைப் பொதுவாக மேலே காட்டினான். "எல்லா வரிசையும்மா" என்றான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தத் தடவை எனக்கே புரிந்தது.

வெள்ளிக்கிழமை குதிரைக்காரர் போன் செய்தார். திங்கட்கிழமை பத்து மணிக்குக் குத்தகைப் பத்திரத்தோடு வருவதாகச் சொன்னார். மனைவி, "வாங்க அண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் நான் ஆண்மகனாக ஒரு முடிவெடுத்தேன். ஒல்லி வண்டியையே வாங்கிவிடுவது. அவளை உட்காரவைத்து, இரண்டு நோட்டையும் பிரித்து, முக்கால் மணி நேரம் காரணம் சொன்னேன்.

"சரி, நானும் வரேன்" என்றாள். "வாங்கறதை எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடறேன். எப்படியும் நான் ஏறப்போறதில்ல."

ஷோரூமில் நான் ஒல்லி வண்டிப் பக்கம் போனேன். அவள் பச்சை வண்டியிடம் நின்றுவிட்டாள். தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏங்க. இதை அளங்க."

"அதான் கேட்லாக்ல போட்டிருக்கே. அறுபத்து நாலு."

"கடையில ஒருத்தர் வந்து, என் இடுப்பு இவ்வளவுன்னு வாயால சொன்னா, நீங்க துணியை வெட்டுவீங்களா?"

"வெட்ட மாட்டேன்."

"அப்போ அளங்க."

முட்டி போட்டேன். கூட வந்திருந்த மச்சான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்க டயரின் வெளி விளிம்பிலிருந்து இந்தப் பக்க டயரின் வெளி விளிம்பு வரை, டேப் தீர்ந்த இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு. அறுபத்தொன்று.

மறுபடி அளந்தேன். அறுபத்தொன்று. முனையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று மச்சானைத் திட்டிவிட்டு மறுபடி அளந்தேன். அறுபத்தொன்றுதான்.

"கேட்லாக் தப்பு" என்றேன், அந்தப் பெண்ணிடம். "மூணு அங்குலம் கூட்டிப் போட்டிருக்காங்க."

அந்தப் பெண் மச்சானின் இடுப்பில் இருந்த டேப்பைப் பார்த்தாள். அவன் ஸ்டீல் டேப்பை எடுத்து வண்டியில் பிடித்தான். அறுபத்து நான்கு, ஒரு நூல் கூடக் குறையவில்லை. பிறகு, யாரும் சொல்லாமலே, அவன் தன் டேப்பைத் தரையில் நீட்டி, பக்கத்தில் என் டேப்பை நீட்டினான். என் அறுபது முடிகிற இடத்தில் அவனுடைய டேப்பில் கிட்டத்தட்ட அறுபத்து மூன்று இருந்தது.

நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பது வருஷம் என் கழுத்தில் தொங்கி, இழுபட்டு, வேர்வையில் ஊறி, டேப் நீண்டுபோயிருந்தது. உடம்பையும் துணியையும் அதே டேப்பில் அளந்ததால் ஒரு பேண்ட்கூடத் தப்பாகவில்லை, ஒருவரும் புகார் சொல்லவில்லை. முப்பத்தாறு இடுப்புக்காரர்களை முப்பத்து நான்கு என்று எழுதி, சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர்கள்தான் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் தேடி வந்தவர்கள்.

முதலில் பேசியவன் மச்சான். குரல் இறங்கியிருந்தது.

"மாமா. இருபது வருஷமா என் இடுப்பு முப்பத்து நாலுதானே."

"ஆமா."

"ஒரு அங்குலம்கூட ஏறலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"நீயும் ஏறியிருக்க, டேப்பும் உன்கூடவே ஏறியிருக்கு."

"ரெடிமேட் பேண்ட் எதுவும் ஏறலைன்னு நாலு கடையில சண்டை போட்டேன் மாமா."

அவனுக்கு ஆறுதல் சொல்ல அவன் அக்காவுக்கு நேரமில்லை. அவள் எழுந்து நின்று, தபால் பிரிக்கிறவள்போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பாறை இடுக்கு உங்க டேப்புல எவ்வளவு?"

"அறுபத்து மூணு."

"வண்டி உங்க டேப்புல?"

"அறுபத்தொண்ணு."

"அப்போ டேப்பு எப்படி இருந்தா என்ன. போகுமா, போகாதா?"

"போகும்."

"எவ்வளவு மிச்சம்?"

"பக்கத்துக்கு ஒரு அங்குலம்."

"பேண்ட்டுக்கு லூஸ் எவ்வளவு விடுவீங்க?"

"அரை."

"அப்போ இது தாராளம்" என்றாள். விற்பனைப் பெண்ணிடம் திரும்பி, "திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு வீட்டுல இறக்கிடணும்மா" என்றாள்.

உடம்பையும் துணியையும் ஒரே டேப்பில் அளக்க வேண்டும் என்று முப்பது வருஷம் கடையில் சட்டம் பேசிய ஒருத்தன், பாறையைத் தன் டேப்பிலும் வண்டியை அச்சடித்த காகிதத்திலும் அளந்துவிட்டு மூன்று மாசம் ஊர் ஊராக அலைந்திருக்கிறான். வீட்டுக்கு வரும் வழியில் இதை அவள் சொல்லிக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "நாளைக்குக் கடையைத் திறந்து, நிக்கிற பேண்ட்டையெல்லாம் முடிங்க" என்றாள். அதைச் சொல்லிக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை எட்டு என்று சொன்னவர்கள் ஒன்பதே முக்காலுக்கு வண்டியை இறக்கினார்கள். குதிரைக்காரர் எப்போதும் நேரத்துக்கு முன்னால் வருகிறவர். பத்திரக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் ஏற்கெனவே நின்றிருந்தார்.

"முதல்ல இது நுழையுதான்னு பாத்துடறேன் அண்ணா" என்றாள் மனைவி. "நுழையலைன்னா கையெழுத்துப் போட்டுடறேன்."

சாவியைக் கேட்டு நான் கையை நீட்டினேன். அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை, இடுக்குக்கு அந்தப் பக்கம் நின்று வழி காட்டுவது. மச்சான் பாறைமேல் ஏறி நின்றான். வண்டி மெதுவாக வந்தது. முன் டயர் இடுக்கில் நுழைந்ததும் இரண்டு கையையும் ஆட்டத் தொடங்கினேன்.

"கையை ஆட்டாதீங்க" என்றாள். "வரச் சொல்றீங்களா நிக்கச் சொல்றீங்களான்னு தெரியல."

கையைக் கட்டிக்கொண்டேன். பாறைப் பக்க டயர் லேசாக உரசி, கல்லில் கருப்பாக ஒரு கோடு விழுந்தது. மச்சான், "அக்கா, இடது பக்கம் ஒரு விரக்கடை" என்றான். அவள் ஸ்டியரிங்கை ஒரு விரக்கடை திருப்பினாள். தொட்டி சுவரைத் தாண்டியது. வண்டி என்னைத் தாண்டியது. நிற்கவில்லை. மேட்டில் ஏறி, மரங்களுக்கு நடுவில் போய்விட்டது.

நாங்கள் மூன்று பேரும் பின்னால் ஏறிப் போனோம். போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவள் மேல்வரிசையின் கடைசிவரை போய், திரும்பி, அடுத்த வரிசையில் வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு மரத்தருகிலும் வண்டி தயங்கி, மறுபடி நகர்ந்தது.

"எல்லாம் அப்படியே இருக்கு" என்றாள், எங்களைக் கடந்தபோது. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

இரண்டாவது சுற்றில் குதிரைக்காரர் கவரைச் சற்று உயர்த்திக் காட்டினார். "தங்கச்சி, அப்போ இது?"

"வேற இடம் பாருங்க அண்ணா" என்றாள். வண்டி போய்விட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். யாரு கேக்கறது?"

மூன்றாவது சுற்றில் எந்த மரத்தின் அருகிலும் தயங்கவில்லை. சும்மா போனாள். தொட்டி காலி, கூடை இல்லை, மருந்து இல்லை, ஒரு வேலையும் இல்லை. சரிவின் மேல்முனையில் கொஞ்சம் வேகம்கூடப் பிடித்தாள், முந்தானை பறந்தது. மச்சான் என் பக்கத்தில் நின்று பார்த்தான். "எனக்கு எப்ப மாமா கிடைக்கும்?" என்றான். வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன்.

நாலாவது சுற்றில் வண்டி எங்கள் எதிரே வந்து நின்றது. ஏறச் சொல்கிறாள் என்று ஒரு காலைத் தூக்கினேன்.

"ஆறாவது வரிசையில பழம் உதிர்ந்து கிடக்கு" என்றாள். "போய் கூடை எடுத்துட்டு வாங்க. நாலஞ்சு வேணும்."

"வண்டியில போய் எடுத்துட்டு வந்துடலாமே" என்றேன்.

"எனக்கு இன்னும் கீழ்வரிசை பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நான் கூடைகளை எடுத்துவர மேட்டிலிருந்து நடந்து இறங்கினேன்.